பைத்தான் 2-இலிருந்து 3-க்கு: பழைய நிரலைப் பழுதில்லாமல் மாற்றும் வழி

‘தமிழ்’ என்ற சொல்லை யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) அமைந்த கோப்பில் எழுதி, அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2-ஐக் கேட்டால் 15 என்று பதில் வரும். அதே வரியைப் பைத்தான் 3-இல் ஓட்டினால் 5. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரல் விட்டு எண்ணி மூன்று என்று சொல்லிவிடும். பைத்தான் 2 எண்ணியது பைட்டுகளை. யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துக் குறிகளுக்கு எண் தரும் பொதுத் தரம். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் பிடிக்கும். பைத்தான் 3 எண்ணியது யூனிகோட் குறிகளை: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பிள்ளை எண்ணியதுதான் எழுத்து.

2008 டிசம்பர் 3-இல் வந்த பைத்தான் 3.0 நம்மை 15-இலிருந்து 5-க்குக் கொண்டுவந்தது. 5-இலிருந்து 3-க்குப் போவது இன்றும் நம் வேலைதான். பழைய நிரலை மாற்றும்போது அடைப்புக்குறி போடுவது, பெயர் மாற்றுவது போன்றவற்றைக் கருவிகளே முடித்துவிடும். உரை எது, பைட் எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. இந்த வழிகாட்டியிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

இன்றைக்கு இது தேவையா என்று கேட்கலாம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்தது. பலரால் மாற முடியாததால் 2020 ஜனவரி 1 வரை தள்ளிவைத்தார்கள். கடைசி வெளியீடான 2.7.18 அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தம்கூடக் கிடையாது. ஆனாலும் ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று விட்ட நிரல்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பராமரிக்க நான் எழுதிய நிரலும் அப்படித்தான் கிடந்தது. கணினியை மாற்றி டெபியன் 12 லினக்ஸ் போட்டதும் நின்றுபோனது. அதில் பைத்தான் 2 தொகுப்பே இல்லை. கீழே உள்ள படிகள் அதை மாற்றியபோது பின்பற்றிய வரிசையில் இருக்கின்றன.

படி 1: பழைய விடைகளைப் பத்திரப்படுத்துங்கள்

நிரலில் கை வைப்பதற்கு முன் அது இன்று தரும் வெளியீட்டைக் கோப்பாகச் சேமியுங்கள். உள்ளீட்டையும் அதனுடன் வையுங்கள். பைத்தான் 2 உங்கள் கணினியில் இல்லையென்றால் நிரல்களைத் தனிச் சூழலில் ஓட்டும் டாக்கர் என்ற கருவியில் 2.7-க்கான படிமம் இருக்கிறது, அதில் ஓட்டலாம்.

மாதிரித் தரவை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் இருக்கட்டும். விலை எழுதாமல் விட்ட வெற்று இடங்கள், அரைப் பின்னம் வரும் தொகைகள், மிகப் பெரிய எண் ஒன்று, ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் எல்லாம் இருக்கட்டும். 2-க்கும் 3-க்கும் இடையே நிரல் நின்றுபோகும் இடங்களும் பிழைச் செய்தியே இல்லாமல் விடை மாறும் இடங்களும் இவைதான். நிரல் நின்றுபோனால் நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் தப்பான விடை தந்தால் பழைய கோப்போடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். மாற்றங்களைப் படிப்படியாகச் சேமிக்க கிட் பயன்படுத்துங்கள்.

படி 2: பைத்தான் 2.7-ஐயே எச்சரிக்கச் சொல்லுங்கள்

பைத்தான் 2.7-ஐ ஓட்டும்போது -3 என்ற தெரிவைச் சேர்த்தால், 3-இல் ஓடாத பல வழக்கங்களை அது தானே சுட்டிக்காட்டும். முழு எண்களை வகுக்கும் இடங்களையும் சொல்லும். இந்த எச்சரிக்கைகளை 2.7-இல் இருக்கும்போதே தீர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றைத் தீர்த்ததும் படி 1-இன் விடையோடு ஒப்பிட முடிகிறது என்பது பெரிய வசதி.

வரித் தொடக்கத்தில் விடும் தள்ளல் இடைவெளியையும் பாருங்கள். ஒரே பகுதிக்குள் டேப்பையும் ஸ்பேஸையும் கலந்து எழுதியிருந்தால் பைத்தான் 2 பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், 3 ஏற்காது. எல்லாவற்றையும் நான்கு ஸ்பேஸாக மாற்றுங்கள். எட்டடிமான (ஆக்டல்) எண்களுக்கு முன்னால் வெறும் பூஜ்யம் போடும் பழைய முறையும் செல்லாது. பூஜ்யத்தை அடுத்து ஆங்கில ‘ஓ’ எழுத்து வர வேண்டும்.

படி 3: டூ-டு-த்ரீ கருவி

பைத்தானோடு வந்த ‘டூ-டு-த்ரீ’ என்ற கருவி இலக்கண மாற்றங்களைத் தானே செய்யும். பிரின்ட் கூற்றை பிரின்ட் ஃபங்ஷனாக்கும். எக்ஸெப்ட் வரியில் காற்புள்ளிக்குப் பதில் ‘ஆஸ்’ போடும். எக்ஸ்ரேஞ்ச் என்பதை ரேஞ்ச் ஆக்கும், ரா-இன்புட் என்பதை இன்புட் ஆக்கும், டிக்ஷனரியின் ஹேஸ்-கீ அழைப்பை ‘இன்’ ஆக்கும். இடம் மாறிய மாட்யூல்களின் பெயர்களையும் திருத்தும்.

இந்தக் கருவி 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மாற்றும் வேலைக்கு 3.12 அல்லது அதற்கு முந்தைய ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வலை நிரல்கள் நம்பியிருந்த சிஜிஐ மாட்யூலும் அதே 3.13-இல் போய்விட்டது, அதற்கு மாற்று தேட வேண்டியிருக்கும்.

கருவியைத் தெரிவு எதுவும் இல்லாமல் ஓட்டினால் என்ன மாற்றப்போகிறது என்று காட்டுமே தவிரக் கோப்பைத் தொடாது. முதலில் அதை வரி வரியாகப் படியுங்கள். மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

பழைய நிரலில் ‘இன்புட்’ இருந்தால் கருவி அதை ‘இவால்’ என்பதற்குள் பொதிந்துவிடும். பைத்தான் 2-இன் இன்புட், பயனர் தட்டியதை நிரலாகவே எண்ணி இயக்கியது. கருவி அந்தப் பழக்கத்தை உண்மையாகவே காப்பாற்றுகிறது. அது ஆபத்தான பழக்கம். இவாலை நீக்கிவிட்டு, எண் வேண்டுமானால் இன்ட் என்று வெளிப்படையாக மாற்றுங்கள்.

ஒரே கோப்பின் மேல் இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். இரண்டு மதிப்புகளை அச்சிடும் பிரின்ட் வரிகளுக்கு இன்னொரு அடைப்புக்குறி சேர்ந்து, டியூப்பிளாக அச்சாகும்.

மூன்றாவது, வகுத்தலையும் உரை-பைட் பிரிவையும் இந்தக் கருவி தொடவே தொடாது. ‘மாற்றி முடித்துவிட்டேன்’ என்று பலர் நிறுத்தும் இடம் இதுதான். வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 4: வகுத்தல்

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், கீழுள்ள மூன்று வரிகளும் அப்படியே ஓடக்கூடிய நிரல்:

தொகை = 7
பேர் = 2
பங்கு = தொகை / பேர்

பங்கு 3.5. பைத்தான் 2-இல் இதே கணக்கை ஆங்கிலப் பெயர்களோடு எழுதினால் 3 தான் கிடைத்திருக்கும். பழைய விடையே வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு:

பங்கு = தொகை // பேர்

ஒவ்வொரு ஒற்றைச் சாய்கோட்டையும் கண்ணால் பார்த்து, எது வேண்டும் என்று முடிவெடுங்கள். பட்டியலின் நடு இடம், பக்க எண், வரிசை எண் என்று எண்ணிக்கையாகப் பயன்படும் இடங்களுக்கெல்லாம் இரட்டைச் சாய்கோடு. சராசரி, விழுக்காடு, விலை என்றால் ஒற்றை. என் நிரலில் நூறால் பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்த இடங்கள் சில இருந்தன. பைத்தான் 2-இன் வகுத்தலை ஏமாற்ற அன்று செய்த சுற்றுவழி. அவற்றையும் நேராக்கினேன்.

ரவுண்ட் ஃபங்ஷனும் மாறிவிட்டது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் 2 பூஜ்யத்திலிருந்து விலகிய பக்கம் தள்ளும், 2.5 மூன்றாகும். பைத்தான் 3 அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும்: 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். புள்ளியியலுக்கு இது நல்லது. கடைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் கேள்வி வரும். பணம் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு டெசிமல் மாட்யூலை எடுத்து, பாதியை மேலே தள்ளும் முறையை அதில் குறிப்பிடுங்கள்.

படி 5: உரையையும் பைட்டையும் பிரித்தல்

பைத்தான் 2-இல் ஸ்ட்ரிங் என்பது பைட்டுகளின் வரிசை. அதற்குள் தமிழ் இருக்கலாம், படக் கோப்பு இருக்கலாம், எதுவும் இருக்கலாம். யூனிகோட் என்று தனி வகை இருந்தது; இரண்டையும் கூட்டினால் பைட்டுகளை ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியேற்றம்) என்று எண்ணிக்கொண்டு சேர்க்கப் பார்க்கும். ஆங்கிலத் தரவு என்றால் சிக்கல் வெளியே தெரியாது. ஒரு தமிழ்ப் பெயர் வந்த அன்று நிரல் விழும். ஆங்கிலத்தில் சோதித்து அனுப்பிய மென்பொருள்கள் நம் ஊர்ப் பெயர்களைக் கண்டதும் உடைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பைத்தான் 3-இல் ஸ்ட்ரிங் என்றால் யூனிகோட் உரை மட்டும்தான். பைட்ஸ் தனி வகை. இரண்டையும் கூட்டினால் உடனே பிழை, எந்த மொழித் தரவானாலும். இந்தக் கண்டிப்பு நமக்குச் செய்யப்பட்ட பெரிய உதவி என்றே நினைக்கிறேன்.

பின்பற்ற வேண்டியது ஒரே ஒழுங்கு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுபோல, கோப்பிலிருந்தோ வலையிலிருந்தோ வரும் பைட்டை நுழையும் இடத்திலேயே உரையாக மாற்றுங்கள். உள்ளே எல்லாம் உரை. வெளியே போகும்போது திரும்பப் பைட். நடுக்கூடத்தில் எங்காவது டீகோட் (பைட்டை உரையாக்குவது), என்கோட் (உரையைப் பைட்டாக்குவது) அழைப்புகள் தென்பட்டால் வாசலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

முதலில் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு ஓப்பன் அழைப்பையும் தேடி, குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் கணினியின் அமைப்பைப் பொறுத்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் சரியாக ஓடிய நிரல் விண்டோஸில் தமிழைக் குலைப்பது பெரும்பாலும் இதனால்தான். படம், சுருக்கக் கோப்பு போன்றவற்றைப் பைனரி முறையில் திறக்க வேண்டும். அப்போது கிடைப்பது பைட்ஸ்.

சிஎஸ்வி கோப்புகளைப் பைத்தான் 2-இல் பைனரியாகத் திறந்தோம். 3-இல் உரையாகத் திறந்து, நியூலைன் என்ற அளவுருவுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸில் வரிக்கு வரி வெற்றிடம் விழும். எக்செல்லில் தமிழ் சரியாகத் திறக்க வேண்டுமானால் யூடிஎஃப்-8-சிக் என்ற குறியேற்றத்தில் எழுதுங்கள். எக்செல் சேமித்த கோப்பைப் படிக்கும்போதும் அதையே கொடுங்கள். சாதாரண யூடிஎஃப்-8 என்று படித்தால், முதல் பத்தியின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, ‘அந்தப் பெயரில் பத்தியே இல்லை’ என்று நிரல் சாதிக்கும். என்னுடைய ஒரு மாலைப் பொழுதை அந்த ஒரு குறி விழுங்கியது.

தரவு மிகப் பழையது என்றால் அது யூனிகோடே இல்லாமல், அதற்கு முன் தமிழுக்குப் புழங்கிய டிஸ்கி குறியேற்றத்தில் இருக்கலாம். பைத்தானோடு வரும் குறியேற்றங்களில் டிஸ்கி இல்லை. ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல லைப்ரரியில் அதற்கான மாற்றி இருக்கிறது. இந்த மாற்றத்தை ஒருமுறை செய்து, கோப்பையே யூனிகோடாகச் சேமித்துவிடுங்கள்.

அடுத்து, சத்தமில்லாத ஒரு பிழை. பைட்ஸ் ஒன்றையும் உரை ஒன்றையும் சமமா என்று == கொண்டு ஒப்பிட்டால் பைத்தான் 3 பிழை தராது; சமமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உள்ளடக்கம் ஒன்றேயானாலும் அப்படித்தான். பயனர் பெயர் ஒருபோதும் பொருந்தாது, நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது, காரணமும் தெரியாது. இதற்கு மருந்து உண்டு. பைத்தானை ஓட்டும்போது கழித்தல் குறியை அடுத்து இரண்டு சிறிய ‘பி’ எழுத்துகளைத் தெரிவாகக் கொடுங்கள். இத்தகைய ஒப்பீடும், பைட்ஸை அப்படியே ஸ்ட்ரிங்காக்கி அச்சிடுவதும் உடனே பிழையாகும். மாற்றும் காலம் முழுவதும் அதை விடாமல் போட்டு ஓட்டுங்கள்.

இனி, 5-இலிருந்து 3-க்கு. பைத்தான் 3-இல் உரையை வெட்டும்போது பைட் நடுவில் உடையாது என்றாலும் எழுத்து உடையும். ‘தமிழ்’ என்பதைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முன்னால் வந்து நிற்கும். முதல் இரண்டு குறிகளை வெட்டினால் ‘தம’ தான் கிடைக்கும். எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் உதவும். ரீஜெக்ஸ் என்ற வெளி லைப்ரரியில் பின்சாய்கோடும் பெரிய ‘எக்ஸ்’ எழுத்தும் சேர்ந்த குறியீடும் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும்.

அதே ரீஜெக்ஸ் லைப்ரரி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’ மாட்யூலில், சொல்லின் எழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ, நம் கொக்கி, சுழி, புள்ளிகளை எழுத்தாகக் கருதாது. ‘தமிழ்’ என்ற ஒரு சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைந்து வரும். ஒரு ஸ்ட்ரிங் முழுக்க எழுத்துதானா என்று சோதிக்கும் இஸ்-ஆல்ஃபா முறையும் ‘தமிழ்’ என்பதற்கு இல்லை என்றுதான் சொல்லும். பெயர்ப் பெட்டியில் எழுத்து மட்டுமே அனுமதி என்று இந்த முறையை நம்பி எழுதிய படிவங்கள் தமிழ்ப் பெயர்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

கடைசியாக, ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு ஸ்ட்ரிங். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி முறையைக் கொடுத்து, உரை நுழையும் வாசலிலேயே ஒரே வடிவமாக்குங்கள். தேடலில் கிடைக்காத புத்தகங்கள் சில அதன் பிறகு எனக்குக் கிடைத்தன.

படி 6: வரிசைப்படுத்தல், ஒப்பீடு

பைத்தான் 2-இல் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் சிறிது பெரிது பார்க்கலாம். 100 எப்போதும் ‘5’ என்ற ஸ்ட்ரிங்கைவிடச் சிறியது. ‘நன்’ என்ற வெற்று மதிப்பு எல்லா எண்களையும்விடச் சிறியது. பொருளற்ற விடைகள். பைத்தான் 3 இவற்றை டைப்-எரர் என்று நிறுத்தும். விலை இல்லாத புத்தகம் ஒன்று பட்டியலில் இருந்தாலே வரிசைப்படுத்தல் நிற்கும். வெற்று மதிப்பை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரிசைப்படுத்தலுக்கு ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுக்கும் முறையும் போய்விட்டது. இனி ‘கீ’ ஃபங்ஷன்தான். பழையதை அப்படியே பிழைக்க வைக்க ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் அதைக் கீயாக மாற்றும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. தமிழுக்கு நல்ல கீ எழுதிவிடுவதே மேல். ஏனென்றால் யூனிகோட் வரிசை தமிழ் நெடுங்கணக்கு அல்ல. ன என்ற எழுத்து யூனிகோடில் நகரத்தை அடுத்து நிற்கிறது. அதனால் சும்மா வரிசைப்படுத்தினால் ‘மனம்’ முன்னாலும் ‘மரம்’ பின்னாலும் வரும். அகராதியில் அது தலைகீழ். புள்ளி வைத்த மெய்யும் தன் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய் நிற்கும். உரையை எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தை எண்ணாக்கி, அந்த எண்களின் லிஸ்டைக் கீயாகத் தாருங்கள்.

படி 7: ஒருமுறைதான் தரும் பொருள்கள்

மேப், ஃபில்டர், ஜிப் மூன்றும் முன்பு லிஸ்ட் தந்தன. இப்போது இட்டரேட்டர் தருகின்றன. ஒருமுறை சுற்றி முடித்தால் தீர்ந்தது. இரண்டாவது சுற்று பிழை காட்டாமல் வெறுமையாக முடியும். இருமுறை பயன்படுத்தும் இடங்களில் லிஸ்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். டிக்ஷனரியின் கீஸ் இப்போது லிஸ்ட் அல்ல, உள்ளிருப்பதைக் காட்டும் சாளரம். அதைச் சுற்றிக்கொண்டே பதிவை நீக்கினால் நிரல் நிற்கும். அங்கும் லிஸ்டாக்கிச் சுற்றுங்கள். 3.7 முதல் டிக்ஷனரி, சேர்த்த வரிசையைக் காப்பது உறுதியானது. வெளியீட்டின் வரிசை பழைய கோப்போடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

படி 8: புதியவற்றைக் கொஞ்சம் அனுபவியுங்கள்

பழுது தீர்ந்த பிறகு, தேவையான இடத்தில் மட்டும்:

முதல், *மற்றவை = [10, 20, 30]

முதல் 10 ஆகும், மற்றவை 20, 30 கொண்ட லிஸ்ட் ஆகும். பிழையைப் பிடித்து வேறு பிழையாக எழுப்பும்போது மூலப் பிழையும் சேர்ந்தே அச்சாகிறது. நள்ளிரவில் பதிவேட்டைப் படிக்கும்போது இதன் அருமை தெரியும். மாறிகளை உரைக்குள்ளேயே எழுத விடும், 3.6-இல் வந்த எஃப்-ஸ்ட்ரிங் அச்சு வரிகளைப் படிக்கத் தக்கதாக்கும். ‘௨௦௨௫’ என்ற தமிழ் எண் கொண்ட ஸ்ட்ரிங்கை இன்ட் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 2025 என்று தரும்; பத்தைக் குறிக்கும் ௰ போன்றவற்றை ஏற்காது.

படி 9: பிக்கிள் கோப்புகள், கடைசி ஒப்பீடு

பைத்தான் 2 எழுதிய பிக்கிள் கோப்புகள் (பைத்தான் பொருள்களை அப்படியே சேமித்தவை) இருந்தால், அவற்றை 3-இல் திறக்க முயன்று போராடுவதைவிட, பழைய 2.7-லேயே திறந்து ஜேசான் என்ற உரை வடிவில் யூடிஎஃப்-8-இல் எழுதிவிடுங்கள். டாக்கர் படிமத்தை அழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அதன் பிறகு வழி சிரமம்.

பிறகு படி 1-இல் சேமித்த உள்ளீட்டைப் புதிய நிரலுக்குக் கொடுத்து, இரண்டு வெளியீட்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி வையுங்கள்: வகுத்தலா, ரவுண்டா, வரிசையா, குறியேற்றமா. காரணம் சொல்ல முடியாத வரி ஒன்று மிஞ்சினாலும் பழைய நிரலை நிறுத்த வேண்டாம். எனக்குக் கடைசியாக மிஞ்சியது ஒரே வரி. ஒரு புத்தகத் தலைப்பு, பழைய பட்டியலில் இறுதி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகப் பல ஆண்டுகள் அச்சாகியிருக்கிறது. புதிய பட்டியலில் அது முழுப் பெயரோடு இருந்தது.